திரிசூலத்துக்குள் நாலு கேள்வி

சாயங்காலத்துக்குள் அந்த நாலு கேள்விகளும் ஷூலமித்துக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். தாம்பரத்தில் கிளம்பக் காத்திருந்த எலக்ட்ரிக் டிரெயினில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தாள். எந்தப் பாடத்தையும் ஒரே மூச்சில் விழுங்கிவிடுகிற பதினாறு வயசுப் பெண்தான். இன்றைக்கு ஒரு வரிகூட உள்ளே இறங்குவேனா என்றது.

"என்ன பேப்பர்மா இன்னிக்கு? பிளஸ் ஒன்னா?" என்று கேட்டார் எதிர் சீட்டு அம்மாள்.

"பரீட்சை இல்ல ஆன்ட்டி. பண்டிகை."

"பண்டிகைக்குக் கொஸ்டின் பேப்பரா! ஆயுசு பூரா டீச்சரா இருந்துட்டேன், எனக்கே இது புதுசு." அவர் பெயர் புஷ்பம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. வாய் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஷூலமித்தின் அப்பா எலியாஸ்தான் பதில் சொன்னார். "நாங்க யூதங்க, டீச்சர். பஸ்கா பண்டிகைக்கு வருஷா வருஷம் பம்பாய்ல எங்க அப்பா வீட்டுக்குப் போயிடுவோம். மத்தியானம் ஃப்ளைட்டு."

"ஆண்டவரே! சின்ன வயசுலேர்ந்து பைபிள்ல உங்களைத்தான் படிச்சிட்டிருக்கேன். தாம்பரம் லோக்கல்ல எதிர் சீட்டுல பாப்பேன்னு யாரு கண்டா? செங்கடலையே தாண்டினவங்க, ஏர்போர்ட்டுக்குத் திரிசூலத்துல இறங்கணுமாக்கும்!"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எலியாஸும் சிரித்தார். ஷூலமித்துக்கும் அது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் மரத்துக் கிடக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

"வீடு எங்க சார்?"

"சிட்லபாக்கம். ஏரிக்கரைப் பக்கம்."

"அடடா, மழைன்னா தண்ணி உள்ள வந்துடுமே?"

"வந்துது" என்றார் எலியாஸ். வண்டி நகர்ந்தது.

புஷ்பம் டீச்சர் விடுவதாக இல்லை. "அது என்ன கேள்வி? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

"ராத்திரி எல்லாரும் மேஜையைச் சுத்தி உக்காருவோம். இன்னிக்கு மட்டும் ஏன் புளிப்பில்லாத அப்பம், ஏன் கசப்புக் கீரைன்னு பாட்டாவே கேக்கணும். அப்புறம்தான் பெரியவங்க எகிப்துலேர்ந்து விடுதலையான கதையச் சொல்வாங்க. இந்த வருஷமும் கேள்வி நிக்கக் கூடாது, கேக்கலன்னா அப்பத்துல கையே வைக்க மாட்டேன்னு எங்க அப்பா போன்ல சொல்லிட்டாரு." எலியாஸ் மகளைப் பார்த்தார். "இவ கேக்க மாட்டேங்கறா."

"வெக்கப்படறியா? உங்க தாத்தா வீடுதானேம்மா!"

ஷூலமித் பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"எங்க, நானும் கேக்கறேன்." ஒரு பக்கத்து இயர்போனை உரிமையோடு வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டார் டீச்சர். உள்ளே ஒரு சின்னப் பையன் பாடிக்கொண்டிருந்தான். பல் விழுந்த இடத்தில் காற்று விசிலடித்தது. நடுவில் ஒரு வார்த்தையைக் கோட்டைவிட்டான், கிளுக்கென்று சிரித்தான், மறுபடியும் அதே தப்போடு பாடி முடித்தான்.

"என்ன குரல்டா கண்ணா! பம்பாய்ல இருக்கற பையனா?"

ஷூலமித்தின் அம்மா, பண்டிகைக்கு எடுத்துப் போகிற, மடியிலிருந்த பேரீச்சம்பழப் பாகு பாட்டிலின் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. டீச்சர் இயர்போனைத் திருப்பித் தந்ததும் குரோம்பேட்டை வந்து, ஏறின கூட்டம் நடுவில் புகுந்துவிட்டது.

பல்லாவரம் தாண்டுவதற்குள் ஷூலமித் மெல்லிய குரலில் ஒருமுறை பாடிப் பார்த்தாள். வாய் பாடியது. அவள் வேறெங்கோ இருந்தாள். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

"ரெண்டாவது கேள்வில ஒரு வார்த்தை தப்பா வருது, ஷூலு" என்றார் அப்பா. "நான் சரியா சொல்லித் தரட்டுமா?"

"தம்பி ரெக்கார்டிங்ல அப்படித்தாம்பா இருக்கு."

"அது தப்புதானே?"

"அப்படித்தான் பாடுவேன். வேணாம்னா சொல்லுங்க, நான் பாடலை."

எலியாஸ் அவள் காதிலிருந்த இயர்போனைப் பார்த்தார். "சரி. அப்படியே பாடு" என்றார்.

திரிசூலம் வந்துவிட்டது. அப்பா பெட்டியை இழுத்தார், அம்மா பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். புஷ்பம் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "ஏன் சார், நீங்களே கேட்டா ஆகாதா? மூஞ்சியப் பாருங்க. இந்தக் குழந்தையத்தான் படுத்தணுமா?"

"வீட்டுல யாரு சின்னவங்களோ அவங்கதான் கேக்கணும், டீச்சர். அதுதான் முறை."

"அப்படிச் சொல்லுங்க! கடைக்குட்டியா நீ? அதான் இவ்ளோ முறுக்கு." டீச்சர் அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார். "பொறந்ததுலேர்ந்து இந்த வேலை உன் தலைலதானா?"

ஷூலமித் இயர்போனைக் கழற்றி, சிக்கு விழாமல் விரலில் சுற்றிக்கொண்டாள்.

"இல்ல மிஸ். போன மழையிலேர்ந்துதான்."