கடைசி நூற்றிருபது மீட்டர்

கார் நின்றுவிட்டது.

எதிரே முடிவுக் கோடு. நூற்றிருபது மீட்டர் இருக்கும். லேசான ஏற்றம் வேறு. உருண்டு போகவும் வழியில்லை.

டாங்கில் பெட்ரோல் இருக்கிறது. இன்ஜினுக்கு வரவில்லை. பம்ப் செத்துவிட்டது.

அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினாள்.

கடையில் நல்ல பம்ப் கிடைக்கும். பெட்டியைப் பிரித்து மாட்டினால் வேலை முடிந்தது. ராக்கியண்ணன் கேட்டால்தானே? அணி அவருடையது. கோயமுத்தூரில் பம்ப் கம்பெனி வைத்திருக்கிறார்.

“ஆயிரம் கெணத்துலருந்து தண்ணி எடுத்துக் குடுத்திருக்கறேன், ஒரு காருக்குப் பெட்ரோல் எடுக்கறது பெரிய காரியமா?” என்றார்.

சொந்தப் பட்டறையில் கடைந்தார். சொந்தக் கையால் மாட்டினார். மாட்டியதோடு விட்டாரா? அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்.

கிணறும் காரும் ஒன்றா?

ஆறு மணி நேரப் பந்தயம். இரண்டாவது மணியில் இவள்தான் முதலிடம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, கிளட்ச் கேபிள் அறுந்தது. பட்டறைச் சரக்கு. நான்காவது மணியில் ரேடியேட்டர் குழாய் பிய்த்துக்கொண்டது. அதுவும் பட்டறைச் சரக்கு. இரண்டையும் மாற்றி முடிப்பதற்குள் கார் பதினொன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. ஜெயிப்பது கிடக்கட்டும், முடித்தாலே போதும் என்று ஆனது.

முடித்தே ஆக வேண்டும். போன வருடம் முடிக்கவில்லை. அதற்கு முந்தின வருடமும் இல்லை. மூன்றாம் முறையும் முடிக்காத அணிக்கு இனி இடமில்லை என்று பந்தயம் நடத்துகிறவர்கள் கடிதமே அனுப்பியிருந்தார்கள். அணி இல்லையென்றால் அவளுக்குக் காரும் இல்லை.

ஜெயித்த கார் கோட்டைத் தாண்டியாயிற்று. மற்றவர்களுக்குப் பத்து நிமிடம். அதற்குள் கார் தன் பலத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். யாரும் தள்ளக் கூடாது.

கொடிக்காரர் இவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் முதல் கியரைப் போட்டாள். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தாள். செல்ஃப் பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

இன்ஜின் கிளம்பவில்லை. ஆனால் செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்ற, இன்ஜின் சக்கரத்தைச் சுற்ற, கார் குலுங்கிக்கொண்டு முன்னே நகர்ந்தது.

ஒரு அடி.

இன்னும் ஒரு அடி.

செல்ஃப் மோட்டார் வண்டி இழுக்கப் பிறந்தது அல்ல. பத்து விநாடிக்கு மேல் ஓட்டினால் உள்ளே செம்புக்கம்பி சுற்றிய காயில் கருகிவிடும். அந்தக் காயிலைக் கட்டியதும் ராக்கியண்ணன்தான்.

கருகட்டும். போன மூன்று சரக்கோடு இது நான்கு.

நூறு மீட்டர்.

எண்பது.

மோட்டார் முனகிக்கொண்டே இழுத்தது. சுவர்மேல் ஏறி நின்றவர்கள் கத்தினார்கள். எதிர் அணிக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுவண்டி வேகத்தில் போகிற ரேஸ் காருக்கு என்ன கைதட்டல்?

ஐம்பது.

முப்பது.

காயில் கருகினால் ஒரு வாசனை வரும். மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படி வரும். அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து மீட்டரில் மோட்டாரின் சத்தம் இறங்கியது. வோல்ட் மீட்டரின் முள் கீழே சரிந்தது. நான்கு மீட்டரில் ‘டக்’ என்றது. மறுபடி அழுத்தினாள். டக். அவ்வளவுதான்.

மோட்டார் அல்ல. பேட்டரி.

இரண்டு நாள் முன்னால் ராக்கியண்ணன் பெரிய பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பதினைந்து கிலோ கூடுதல். இது ரேஸ் காரா நெல் லாரியா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவர் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். கைக்கு அடக்கமான இந்தப் பேட்டரியை அவளே வாங்கி, அவளே மாட்டினாள்.

கொடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கொடியைச் சுருட்டினார்.

ராக்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். பின்னால் மெக்கானிக் மோசஸும் மற்றவர்களும்.

அவள் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள்.

“காயில் போயிருச்சாட்ட இருக்குது, அம்மிணி.” அவருக்கு மூச்சு வாங்கியது. “நான் கட்டுனது. என்ற தப்புத்தான்.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் திட்டினாள். கேபிளைச் சொல்லித் திட்டினாள். குழாயைச் சொல்லித் திட்டினாள். பம்பை, அதற்கு வைத்த குங்குமத்தை, வீணாய்ப் போன மூன்று வருடத்தைச் சொல்லித் திட்டினாள். சொன்னதெல்லாம் உண்மை. பேட்டரி மட்டும் வாயில் வரவில்லை.

மோசஸ் அவரை முறைத்துக்கொண்டு நின்றான்.

அவர் திட்டைக் கேட்டுக்கொண்டே பானெட்டைத் திறந்தார். மோட்டாருக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தார். நாற்பது வருடம் காயில் கட்டியவர். கருகினதை அடுத்த தெருவிலிருந்தே சொல்லிவிடுவார்.

இன்னொரு முறை முகர்ந்தார்.

நிமிர்ந்தார். அவளைப் பார்க்கவில்லை.

“நான் பாக்கறேன், தள்ளுங்கண்ணா,” என்று மோசஸ் வோல்ட் மீட்டரோடு குனிந்தான்.

ராக்கியண்ணன் பானெட்டைச் சாத்தினார்.

“பாக்கறதுக்கு என்ன இருக்குது? கருகிருச்சு. வாங்க, ஓரமாத் தள்ளலாம்.”

அவரே முதலில் தோளைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

“அம்மிணி, நீயும் ஒரு கை புடி.”

இந்த மூன்று வருடத்தில் அவளுக்கு அவர்மேல் இவ்வளவு கோபம் வந்ததே இல்லை.