மகளிர் கழிப்பறையின் சாவி

பத்திரிகையாளர் காட்சிக்கு வந்த முப்பது விமர்சகர்களில் ரெஜினா ஒருத்திதான் பெண். படம் முடிந்ததும் மகளிர் கழிப்பறைக்குச் சாவி கேட்டாள். "லேடீஸ் யாரும் வர்றதே இல்லையேம்மா" என்று காவலாளி தேடியெடுத்துத் திறந்துவிட்டார். உள்ளே பழைய பேனர்கள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. அவள் உள்ளே போய்த் திரும்புவதற்குள், தாழ் விலகியிருப்பதைப் பார்த்த யாரோ வழக்கம்போல வெளியிலிருந்து தாழிட்டுப் போயிருந்தார். கைபேசி இருக்கையில் விட்ட பையில் இருந்தது. கதவைத் தட்டினாள். வெளியே மைக்குகளின் முன்னால் ஆண்கள் விமர்சனம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காதலியை அறைந்து திருத்தும் நாயகனைப் பற்றி ஒருவர், "பொண்ணுங்க இந்தப் படத்தக் கொண்டாடுவாங்க" என்றார். அவள் இரு கைகளாலும் அடித்தாள்.

"என்னப்பா அங்க சத்தம்?"

"அது ஸ்டோர் ரூம் சார்" என்றார் மைக்கை நீட்டியிருந்தவர். "பேனர் ஏதாச்சும் சரிஞ்சிருக்கும். நீங்க பொண்ணுங்களப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்க."