குழிக்குப் போன முட்டைகள்

"இவ்வளவு முட்டையையும் மண்ணுக்குள்ள போட்டு மூடுறீங்களே, உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையா, அண்ணன்?"

இளையதம்பி நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த தட்டையும் குழிக்குள் கவிழ்த்தார்.

தேற்றாத்தீவில் ஆயிரம் கோழி வளர்க்கிற மனிசன். ஊர்க் கடையில் கிடப்பதும் அவருடைய முட்டைதான். அதையும் விடிய வெள்ளென வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். கடைக்காரர் கையை விரித்த பிறகுதான் அஜந்தா பண்ணைக்கே வந்திருந்தாள்.

"எனக்கு ஏழே ஏழு போதும். சும்மா கேக்கல்ல, காசு தாறன்."

"ஒண்டும் தர ஏலா. போங்க தங்கச்சி."

"விலை ஏறட்டும் எண்டு பார்க்கிறீங்களாக்கும்!"

அவர் வெறும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

எதற்கு முட்டை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை மனம் இளகியிருப்பார். சொல்ல அவளுக்கு நா எழவில்லை. மகள் யதுர்சிகா அன்று காலைதான் பெரிய பிள்ளையாகியிருந்தாள். தண்ணி வார்க்க நாள்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் ஓர் ஆம்பிளையிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

விடிந்தால் வெறும் வயிற்றில் ஒரு பச்சை முட்டையும், அதன் கோது நிறைய நல்லெண்ணெயும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். ஏழு நாளைக்கு. இடுப்புக்குப் பலம். அஜந்தாவையும் அவளுடைய அம்மா அப்படித்தான் மூக்கைப் பொத்திக் குடிக்க வைத்தாள்.

அதோடு, இளையதம்பியின் முட்டை என்றால் பயமும் இல்லை. வந்தாறுமூலைக் கம்பஸில் படித்த மருமகன் நிதுர்ஷனின் பேச்சைக் கேட்டு, பாண் மாவைப் புளிக்கவைக்கிற ஈஸ்ற்றைக் கோழித்தீனில் கலக்கிறவர் அவர்.

"கோழிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கூடும். முட்டை வழியா மனிசருக்கு வாற வயித்துக் கிருமியும் குறையும்" என்று நிதுர்ஷன் விளக்கியபோது ஊரே சிரித்தது.

"என்ன இளையதம்பி, கோழிக்குப் பாண் சுடப் போறியா?"

அவரும் விடமாட்டார். "சிரிங்க, சிரிங்க. என்ட முட்டையப் பச்சையா வாயில ஊத்தினாலும் ஒண்டும் செய்யா."

இளையதம்பி மண்வெட்டி எடுக்கக் கொட்டில் பக்கம் போனார். அஜந்தா சுற்றிவரப் பார்த்தாள். குழியில் மேலாகக் கிடந்தவற்றில் உடையாத ஏழு முட்டைகளைப் பொறுக்கிப் பைக்குள் வைத்தாள்.

மண்ணுக்குப் போறது பிள்ளையின் வயிற்றுக்குப் போகட்டும். இதில் என்ன களவு?

மூன்றாம் நாள் யதுர்சிகாவுக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி.

"கிருமி ரத்தத்தில கலந்திட்டு. காய்ச்சல் இறங்கினாத்தான் எதையும் சொல்லலாம்" என்றார் டாக்குத்தர்.

அடுத்த நாள் சுகாதாரப் பரிசோதகர் கொப்பியும் கையுமாக வந்தார்.

"பிள்ளைக்கு என்ன குடுத்த?"

"பச்சை முட்டை, ஐயா."

"எங்க எடுத்த?"

பக்கத்தில் மாமி. சுற்றிவர வார்ட்டுச் சனம். குழிக்குள் பொறுக்கியதை எந்த வாயால் சொல்வாள்?

"இளையதம்பி அண்ணன்தான் தந்தவர்."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் இளையதம்பி நின்றார். கையில் தோடம்பழப் பை. பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார்.

முடிந்தது கதை. இனி ஊரெல்லாம் கள்ளி என்றுதான் பேர்.

"இவ சொல்லுறது சரியா? நீங்களா முட்டை குடுத்த?"

இளையதம்பி கட்டிலில் சுருண்டு கிடந்த பிள்ளையைப் பார்த்தார். சேலைன் போத்தலைப் பார்த்தார்.

"ஓம் ஐயா. நான்தான் குடுத்தன்."

"அதில கிருமி இருந்தது தெரியுமா?"

"தெரியும். அண்டைக்கு விடியத்தான் மருமகன் முட்டையச் சோதிச்சுப்போட்டுப் போன் பண்ணினவன். அதுதான் மற்ற எல்லாத்தையும் குழி வெட்டித் தாட்டன். ரெண்டு மாசமா ஈஸ்ற் கலக்கல்ல ஐயா. சரக்கு வரல்ல. கோழி நல்லாத்தானே நிக்குது எண்டு நானும் அசண்டையா விட்டுட்டன்."

"ஈஸ்ற் கலந்தா மட்டும்? அது கிருமியக் குறைக்கும், அவ்வளவுதான். பச்சையாக் குடிக்கலாம் எண்டு ஆர் சொன்ன?" பரிசோதகர் கொப்பியை மூடினார். "பண்ணையப் பூட்ட வேண்டி வரும். கோட்டுக்கும் வரவேணும்."

"வாறன் ஐயா."

மாமி எழும்பி வந்து, "கிருமி எண்டு தெரிஞ்சும் என்ட பேத்திக்குக் குடுத்தியே, நீ ஒரு மனிசனா?" என்று கத்தினாள். வார்ட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இளையதம்பி குனிந்த தலை நிமிராமல் நின்று அவ்வளவு ஏச்சையும் வாங்கினார்.

ஒரு சொல் போதும். அஜந்தா அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. கட்டில் விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவர் போன பிறகுதான் மனம் கேட்காமல் பின்னால் ஓடினாள். படிக்கட்டில் பிடித்தாள்.

"அண்ணன்… நான் களவாத்தான் எடுத்தன். எனக்காக நீங்க ஏன் பொய் சொன்னீங்க?"

இளையதம்பி கைபிடியைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

"பொய் இல்ல தங்கச்சி. நீங்க குழிக்குள்ள கை வைக்கக்குள்ள நான் கொட்டில் மறைவில நிண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தன். மறிச்சாக் காரணம் சொல்லவேணும், சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்… அவிச்சுத்தானே தின்னுவாங்க எண்டு வாயப் பொத்திக்கொண்டு இருந்திட்டன்."