துவைக்காத ஜெர்சி

"இத்தனை ஆட்டம் ஜெயிச்சதே குருட்டு அதிர்ஷ்டம். டிவிஷன் பட்டமெல்லாம் கனவுதான் அண்ணி!"

"வாயை மூடு டேல். ஜெயிப்பாங்க." லொரேன் அண்ணி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஃபுட்பால் என்றாலே எரிந்து விழுந்தவர்!

சோபாவில், வெர்ன் அண்ணன் உட்காரும் இடத்தில், அவருடைய ஜெர்சி நாறிக்கொண்டிருந்தது.

"இதைத் துவைச்சா என்ன?"

"டீம் தோத்தாதான் துவைக்கணும். உங்க அண்ணன் போட்ட சட்டம்."

எங்கள் டீமின் கடைசி உதை கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தோற்றோம்.

அண்ணி ஜெர்சியை வாஷிங் மெஷினுக்கு எடுத்துப்போனார். உள்ளே போட மனமில்லாமல் ஜெர்சியில் முகத்தை அழுத்திக்கொண்டார்.

இந்த சீசனின் முதல் ஆட்டத்தை அதைப் போட்டுக்கொண்டு பார்த்த அண்ணனை அந்த வாரமே அடக்கம் செய்தோம். வீட்டில் மிச்சமிருந்தது அந்த வியர்வை வாசம்தான்.

"இது தோல்வியே இல்ல அண்ணி, நடுவர் ஏமாத்திட்டான்," என்றேன். "பட்டம் நமக்குத்தான். ஜெர்சியை சோபாவிலேயே போடுங்க."