ஊசியின் மேல் ஒரு நாணயம்

ஊசி இசைத்தட்டைத் தொட்டதுமே ராஜாங்கத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"பாத்தீங்களா சார்? இந்தப் பாட்டக் கேட்டாதான் இவருக்கு உசுரே வருது" என்றாள் பக்கத்து வீட்டுத் தனக்கொடி. "எங்க வூட்டுக்காரரு இப்படிப் படுத்தார்னா, நான் சீரியலப் போட்டு வுட்டுட்டு என் வேலையப் பாப்பேன். மணியக்காவுக்குக் கோயிலே கட்டலாம்."

மணியம்மாள் சிரிக்கவில்லை. புருஷனின் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டாள். "கை கால் போச்சு, பேச்சும் போச்சு. காது மட்டும் சுத்தமாக் கேக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே. அதான் காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா போட்டு வுடுறேன்."

ஜானகிராமன் தலையாட்டினார். நண்பனைப் பார்க்கத்தான் காலாப்பட்டிலிருந்து பஸ் பிடித்து முத்தியால்பேட்டைக்கு வந்திருந்தார். ஆனால் அவர் பார்வை கட்டிலில் இல்லை. சுற்றிக்கொண்டிருந்த கறுப்புத் தட்டில் இருந்தது.

லண்டனில் நாலு இளைஞர்கள் ஒரு பாழடைந்த தேவாலயத்துக்குள் புகுந்து, சுவரெங்கும் மெத்தைகளைச் சாய்த்துவைத்து, ஒரே ராத்திரியில் பதிவு செய்த ராக் ஆல்பம் அது. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் பாடகன் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். முதல் அச்சில் மட்டும்தான். அடுத்த அச்சில் அதைத் துடைத்துவிட்டார்கள். அந்த ஒரு மூச்சைக் கேட்க ஜானகிராமன் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார்.

மில்லில் ஃபிட்டராக இருந்த ராஜாங்கத்துக்கு, பிரான்சுக்கே திரும்பிப் போன ஒரு வாத்தியார் வீட்டுச் சாமான்களோடு அது கிடைத்தது. வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் போடுவான், ஆயுத பூஜையன்று. பிளேயருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, புது ஊசி மாட்டி, ஜானகிராமனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்வான்.

ஒரு வருஷம் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஓரத்தில் மயிரிழைபோல ஒரு கீறல் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஜானகிராமன்தான். ராஜாங்கத்தின் முகம் செத்துப்போனது. அன்று அவன் பாட்டே போடவில்லை.

அந்தத் தட்டு இப்போது அப்பளம் பொரிக்கிற சட்டி மாதிரி சத்தம் போட்டது. ஊசி துள்ளாமல் இருக்க, அதன் தலையில் கனமான பிரெஞ்சு நாணயம் ஒன்றை ஏற்றி வைத்திருந்தாள் மணியம்மாள். மூன்றாவது பாட்டு வந்தது. அந்த மூச்சு வரவில்லை. கரகரவென்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.

ராஜாங்கத்தின் கண் மறுபடி நிறைந்தது.

"அய்யய்யோ, கொழம்பு!" என்று தனக்கொடி ஓடினாள்.

மகள் தாமரைச்செல்வி டீ கொண்டுவந்து வைத்தாள். "நல்லா இருக்கியாம்மா?" என்றார் ஜானகிராமன். அவள் திரும்பவே இல்லை. மணியம்மாள் தோளைத் தொட்டுக் காட்டியதும்தான் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பெண்ணுக்கு இடது காது போய்விட்டதென்று ராஜாங்கம் சொல்லியிருந்தான். பாவம்.

அவள் உள்ளே போனதும், சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். "புது ஊசிம்மா. மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சேன். மொதல்ல அந்தக் காச எடுத்துரு."

"வேணாண்ணே. பழசே இருக்கட்டும்."

"உனக்கு வெவரம் தெரியல. தேஞ்ச ஊசி உளி மாதிரி. அது தலையில பாரத்த வேற ஏத்தி வெச்சிருக்க. சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் தட்டச் செதுக்கி எடுக்குது. இன்னும் கொஞ்ச நாள் போனா பாட்டே இருக்காது, வெறும் எரைச்சல்தான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பேசாம எங்கிட்ட குடுத்துடும்மா. பத்திரமா வெச்சிக்கிறேன். அவன் கேக்குறதுக்கு நான் சி.டி. போட்டுத் தரேன். இதெல்லாம் பொம்பளைங்க கையாளுற சாமானா?"

சொல்லும்போதே தட்டின் உறையைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். கறுப்பு உறை, நடுவில் ஒற்றை வெள்ளைப் படகு. இத்தனை வருஷ ஆசையில் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

மணியம்மாள் அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"தேஞ்ச ஊசியப் போட்டா தட்டு செத்துரும்னு தெரியும்ணே. இவருதான் சொல்லிக் குடுத்தாரு. காச ஏத்தி வெச்சது மட்டுந்தான் என் புத்தி."

ஜானகிராமன் சட்டென்று கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். ராஜாங்கத்தின் கண்கள் அவரையே பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

தட்டு முடிந்தது. மணியம்மாள் ஊசியைத் தூக்கி மறுபடி முதல் பாட்டில் வைத்தாள். நாணயம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். பிறகு புருஷனின் போர்வையை இழுத்து, குழந்தைக்குப் போர்த்துவதுபோல நெஞ்சுவரை போர்த்திவிட்டாள்.

"ஏம்மா... ஏன்?" என்றார்.

"காய்ச்சலெல்லாம் வரலண்ணே" என்றாள் மணியம்மாள். "அன்னிக்கு நீங்க ஒரு கீறலக் காட்டிட்டுப் போனீங்களே, அது எம் பொண்ணு வளையல் பட்ட கீறலு. நீங்க தெருமுனை தாண்டியிருக்க மாட்டீங்க, இவரு அறைஞ்ச அறையில அவளுக்குக் காது போச்சு."