ரேடியோவை அணைக்க ஆள் இல்லை

"இந்த ரேடியோவை யாராவது அணைங்களேன்!"

புத்தகக் கடைக்காரி ஸ்கேல் பல்லைக் கடித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒல்லியாக, விறைப்பாக இருந்ததால் வந்த பெயர். இப்போது ஒல்லி போய்விட்டது. விறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

கடை நிரம்பி வழிந்தது. நாற்காலி போதாமல் புத்தகக் கட்டுகள் மேலெல்லாம் ஆட்கள். பின்னே? இருபத்திரண்டு வருஷம் கழித்து கொசு வந்திருக்கிறாள்! வகுப்பில் காதோரம் ரீங்காரம் போட்டே கதை சொன்ன கொசு, இன்று வெளிநாட்டில் வாழும் எழுத்தாளர். புதுப் புத்தகம் முழுக்க இந்த ஊர்க்காரர்கள்தான். 'ஒரு முகத்தைக்கூட மறக்காதவர்' என்று பின்னட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஸ்கேலின் கடையில் இதுதான் முதல் விழா. ஒரு குறை வரக்கூடாது என்று ஒரு மாதமாக ஓடினாள். அந்தக் குறை, ரேடியோ உருவத்தில் வந்து நின்றது.

மூன்று பேரும் ஒரே பெஞ்சு. ரேடியோ வாயைத் திறந்தால் பக்கத்து வகுப்பு வரை கேட்கும். நேற்று அவளை ஏர்போர்ட்டுக்கு அனுப்பியதுதான் தப்பு. அப்போதிலிருந்து எழுத்தாளர் தனக்கே சொந்தம் என்பதுபோல ஒட்டிக்கொண்டு திரிகிறாள். ஸ்கேலாவது கொசுவோடு அடிக்கடி வீடியோவில் பேசுகிறவள். ரேடியோ இத்தனை வருஷத்தில் ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. அப்படி இருந்தும் என்ன உரிமை!

போதாக்குறைக்கு கொசு மைக்கில் வேறு அவளைப் புகழ்ந்து ஏற்றிவிட்டாள்.

"ஏர்போர்ட் வாசல்ல அவ்வளவு கூட்டம். ஒரே பார்வைதான்! என் ரேடியோவைக் கண்டுபிடிச்சுட்டேன்!"

கடை அதிர்ந்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது ரேடியோதான். தன் பெயர் மைக்கில் வந்தால் சும்மா இருப்பாளா?

கையெழுத்து போட ஆரம்பித்ததும் மேஜை பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு செய்கிற மாதிரி ஒரே கத்தல்.

"கொசு, யார் வர்றா பாரு! நம்ம தக்காளி! உன் சைக்கிளை வாய்க்கால்ல விட்டாளே, அதே கழுதைதான்!"

"அடியே தக்காளி!" கொசு எழுந்து கட்டிப்பிடித்தாள்.

"அடுத்து வாட்ச்மேன் அண்ணே! நீ தினம் லேட்டா வருவேன்னு கேட்டைப் பாதி திறந்தே வச்சிருப்பாரே!"

"அண்ணே! எப்படிண்ணே இருக்கீங்க?"

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் முணுமுணுத்தாள். "நம்மளைப் பேச விட்டாத்தானே!"

ஸ்கேலுக்குப் பொறுக்கவில்லை. ரேடியோவின் கையைப் பிடித்து ஸ்டோர் ரூம் வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"ஏன்டி, விழா அவளுக்கா, உனக்கா? ஏலம் விடுற மாதிரி கத்துறே?"

"இன்னும் ஒன்பது பேர்தான்டி இருக்காங்க. நான் எண்ணிட்டேன். முடிச்சிட்டு வந்துடறேன்."

"ஒண்ணும் வேணாம். உள்ளே போய்ப் புத்தகக் கட்டைப் பிரி. வாயைத் திறந்தே, அவ்வளவுதான்."

"ஸ்கேல், அடுத்து லேப் அண்ணன் நிக்கிறாரு..."

"போடின்னா!"

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். அப்பாடா! கடை இப்போதுதான் கடை மாதிரி இருந்தது.

லேப் அண்ணன் முன்னால் வந்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். முடியெல்லாம் நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். ஏழாவது அத்தியாயத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல் தொங்கியது. அந்த அத்தியாயம் முழுக்க அவர்தான்.

"என்னைத் தெரியுதாம்மா?"

கொசு சிரித்தாள். சிரிப்பு மட்டும்தான் இருந்தது.

"தெரியாம என்ன! பேர்... என்னன்னு எழுதட்டும்?"

அவர் முகம் அப்படியே தொங்கிப்போனது. கொசுவின் கண்கள் அங்கும் இங்கும் யாரையோ தேடின.

ஸ்டோர் ரூமுக்குள்ளிருந்து இடி இடித்தது.

"கொசூ! லேப் அண்ணனைச் சும்மா அனுப்பிடாதே! நீ உடைச்ச பதினோரு டெஸ்ட் டியூபையும் தான் உடைச்சதா எழுதிக் கொடுத்தாரே!"

"அண்ணே!"

நாற்காலி பின்னால் விழ, கொசு மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள்.

"பதினொண்ணு இல்லண்ணே, பன்னிரண்டு! ஒண்ணை உங்களுக்குத் தெரியாம ஜன்னல் வழியா வீசிட்டேன்!"

"கீழே நின்னு பொறுக்கினதே நான்தாம்மா!"

கடையே குலுங்கிச் சிரித்தது.

ஸ்கேல் சிரிக்கவில்லை. ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தாள். ரேடியோ ஒரு கட்டின் மேல் ஏறி நின்று, கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு யார் முகமும் பிடிபடலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மெதுவா பேசுடி, அவ காதுல விழப்போகுது!"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ரேடியோவின் சத்தம் குறைந்தது.

"நேத்து ஏர்போர்ட்ல என் முன்னாடியே மூணு தடவை போனா, வந்தா. நாலாவது தடவை நேரா என்கிட்டயே வந்து, 'ஏங்க, டாக்ஸி எங்கே நிக்கும்?'னு கேட்டா."