ஓல்கோம் மாளிகையின் புகைபோக்கி

மார்ச் வெயிலில் நானூறு வருஷத்துச் செங்கல் புழுதி மிதக்கிறது. போன மாதப் புயலில் இடிந்த புகைபோக்கியைக் கட்டிக்கொண்டிருக்கும் கொத்தனார் டென்சில், மாடிப் படுக்கையறைக் கணப்பின் உள்விளிம்பிலிருந்து ஒரு குழந்தையின் ஷூவை எடுத்து, வீட்டுக்காரி ஹெஸ்டரின் உள்ளங்கையில் வைக்கிறார். வீட்டுக்குக் கேடு வராமலிருக்க அந்தக் காலத்தில் கட்டும்போதே ஒளித்து வைத்தது. தோல் ஆப்பிள் தொலி போலச் சுருண்டிருக்கிறது. "மியூசியத்துல குடுத்தா கண்ணாடிப் பெட்டியில வச்சிடுவாங்கம்மா." ஹெஸ்டர் நசுங்கிய கட்டிலைப் பார்க்கிறாள். செங்கல் அத்தனையும் சரிந்தது அதன் மேல்தான். அன்று அவள் கணவர் ஆம்புரோஸ் அந்தக் கட்டிலிலிருந்து டீ போட எழுந்து போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போதும் கீழே அவருடைய கெட்டில் கூவி ஓய்ந்திருக்கிறது. "ஹெஸ்டர், டீ ஆறுது! அங்க என்ன, பேய்கூட அரட்டையா?" "வர்றேன், கத்தாதீங்க!" என்கிறாள். "இருந்த எடத்துலயே இருக்கட்டும், டென்சில்." "நானும் அதையேதாம்மா நெனச்சேன்." ஷூவை விளிம்பில் திரும்ப வைத்தவள், குனிந்து தன் இடது கால் செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் ஒட்டி வைக்கிறாள். டென்சில் சுண்ணாம்புக் காரையைக் குழைக்கிறார். சில்லிட்ட ஓக் படிகளில், ஒரு கால் வெறுங்காலாக, அவள் டீ குடிக்க இறங்கிப் போகிறாள்.